ஏற்றத்தில் உறங்கும் வைப்பர்: பழைய பெட்ரோல் ஜீப்பில் வாக்குவம் கோளாறு பார்ப்பது

தேனி மாவட்டம் கம்பத்தில் கிளம்பும்போது வெயில். லோயர் கேம்ப் தாண்டியும் வெயில்தான். பெரியாற்றுத் தண்ணீரை மின்நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்களைக் கடந்து மேலே ஏறிய பிறகு முதல் தூறல் கண்ணாடியில் விழும். குமுளியை நெருங்கும்போது கொட்டித் தீர்க்கும். தென்மேற்குப் பருவமழை தன் சரக்கை எல்லாம் கேரளச் சரிவில் இறக்கிவிட்டு, நம் பக்கத்துக்கு வெறும் காற்றை அனுப்புவதால் வரும் வினை இது. ஆக, வைப்பர் தேவைப்படும் இடம் முழுவதும் ஏற்றம். மின்சாரம் இல்லாமல் எஞ்சின் உறிஞ்சும் இழுப்பிலேயே ஆடும் வாக்குவம் வைப்பர் நின்றுபோகும் இடமும் ஏற்றம்தான்.

வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் இப்போது அநேகமாக எல்லாமே டீசல். பெட்ரோல் எஞ்சினும் வாக்குவம் வைப்பரும் மாறாமல் இருக்கும் பழைய வண்டிகளை என்னைப் போன்ற சில பிடிவாதக்காரர்கள்தான் வைத்திருக்கிறோம். என்னுடையது சிஜே-3பி. பானெட் உயரமான அந்த மாதிரி. 2,199 சிசி ஹரிக்கேன் எஞ்சின். அமெரிக்காவில் வில்லிஸ் இந்த மாதிரியை 1953-இல் கொண்டுவந்தது; 1968-இல் அங்கே உற்பத்தி நின்றுவிட்டது. இங்கே மஹிந்திரா அதற்குப் பிறகும் வெகுகாலம் செய்துகொண்டிருந்தது. இந்த வண்டியின் வைப்பரோடு பதினோரு மழைக்காலம் மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதைக் குறி வாரியாக எழுதுகிறேன். வைப்பர் நின்றால் எல்லோரும் முதலில் மோட்டாரைத்தான் கழற்றுகிறார்கள். நானும் அப்படித்தான் கழற்றினேன். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை.

வேலை செய்யும் விதம்

பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது கார்புரேட்டர் தட்டு பாதி மூடியிருந்தால், அதற்குக் கீழே காற்றழுத்தம் குறைகிறது. அங்கிருந்து ஒரு குழாய் வைப்பர் மோட்டாருக்கு வருகிறது. மோட்டார் என்று பெயரே தவிர அதில் செம்புக் கம்பிச் சுருளும் கிடையாது, காந்தமும் கிடையாது. அரைவட்டப் பெட்டி ஒன்று. அதற்குள் கதவு போல இருபுறமும் ஆடும் துடுப்பு ஒன்று. துடுப்பின் ஒரு பக்கத்தில் எஞ்சின் உறிஞ்சும். மறுபக்கத்தில் வெளிக்காற்று நுழைந்து தள்ளும். துடுப்பு ஓரத்தை எட்டியதும் சிறு ஸ்பிரிங் 'டக்'கென்று வால்வைப் புரட்டிவிடும். உறிஞ்சும் பக்கமும் தள்ளும் பக்கமும் இடம் மாறும். இவ்வளவுதான்.

எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, வாக்குவம் மீட்டரில் உறிஞ்சும் அளவு 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை இருக்கும். 18 அங்குலம் என்றால், துடுப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 600 கிராம் எடை வைத்தது போன்ற தள்ளல். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் தட்டு அகலத் திறந்துவிடும். அளவு இரண்டு அங்குலத்துக்கும் கீழே போய்விடும். தள்ளல் ஒன்பதில் ஒரு பங்கு. நனைந்த கண்ணாடியில் ரப்பரை இழுக்க அது போதாது. இதில் மலையின் பங்கும் உண்டு. உயரம் ஆயிரம் அடி கூடினால் மீட்டரில் ஒரு அங்குலம் குறையும். கீழே கம்பத்தில் 19 காட்டிய எஞ்சின் மேலே தோட்டத்தில் 16 காட்டினால் பதற வேண்டியதில்லை. இது தெரியாமல் மேலே வைத்து அளந்துவிட்டு, எஞ்சின் வால்வு போய்விட்டது என்று தீர்ப்பு எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

எதையும் கழற்றும் முன்

கண்ணாடியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுங்கள். உலர்ந்த கண்ணாடியில் வாக்குவம் வைப்பரைச் சோதித்தால் நல்ல மோட்டாரும் திணறும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, மோட்டாருக்குள் நுழையும் ஹோஸை மட்டும் உருவி அதன் வாயை விரலால் அடையுங்கள். விரல் நுனியை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டால், அதுவரை வரும் பாதை நன்றாக இருக்கிறது. கோளாறு மோட்டாரில் அல்லது வைப்பர் தண்டில். இழுப்பு இல்லை, அல்லது முத்தம் கொடுத்தது போல மெல்ல இருக்கிறது என்றால், மோட்டாரைத் தொடாதீர்கள். எஞ்சின் பக்கம் போங்கள். இந்த விரல் சோதனைக்கு அரை நிமிடம் ஆகும். நான் வீணாக்கிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை இது மிச்சப்படுத்தியிருக்கும்.

குறி: நின்ற இடத்தில் நன்றாக ஆடுகிறது, ஏற்றத்தில் நின்றுவிடுகிறது

இது கோளாறாகவும் இருக்கலாம், வண்டியின் சுபாவமாகவும் இருக்கலாம். பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பைப் பாருங்கள். அடுக்கு ஒன்றுதான் என்றால் அது வெறும் பெட்ரோல் பம்ப். ஏற்றத்தில் வைப்பர் நிற்பது வண்டியின் இயல்பு. இரண்டு அடுக்கும், கூடுதலாக இரண்டு குழாய்களும் இருந்தால், ஒரு அடுக்கு வைப்பருக்கான வாக்குவம் பம்ப். எஞ்சின் தானாக உறிஞ்சத் தவறும்போது கைகொடுக்கவே அது இருக்கிறது. அது உயிரோடு இருந்தால் ஏற்றத்தில் வைப்பர் சோம்பலாகவாவது ஆடும்.

சோதிக்க மலை ஏற வேண்டாம். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, வைப்பரை ஆடவிட்டு, ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்து ஒரு விநாடியில் விடுங்கள். வைப்பர் வேகம் குறைந்தாலும் நகர்ந்தபடியே இருந்தால் பம்ப் சரி. நட்ட மரமாக நின்று, காலை எடுத்ததும் துள்ளிக் கிளம்பினால் பம்பின் வாக்குவம் டயஃப்ரம் (உள்ளே மேலும் கீழும் ஆடும் சவ்வு) கிழிந்திருக்கும், அல்லது அதன் சிறு வால்வுகள் பிசினேறி ஒட்டியிருக்கும். கிழிந்த டயஃப்ரம் வேறொரு வேலையும் செய்யும். அதற்குக் கீழே வருகிறேன்.

ஒற்றை அடுக்குப் பம்ப்காரர்களுக்குப் பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுத்த வழி ஒன்றுதான்: கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஆக்சிலேட்டரில் இருந்து ஒரு நொடி காலை எடுப்பது. வைப்பர் இரண்டு முறை வேகமாக அடித்துக்கொள்ளும், வளைவு தெரியும், மறுபடி மிதிக்கலாம். போடிமெட்டுப் பாதையில் 17 வளைவு. பதினேழு முறை துடைத்த கண்ணாடி. புகையிலையை நனைத்துக் கண்ணாடியின் வெளிப்புறம் தேய்த்துவிடுவதும் உண்டு. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஏடாகப் படிந்து வழியும். இது ஒரு சாரலைத் தாங்கும், கனமழை கழுவிவிடும்.

குறி: ஐடிலிங்கிலேயே மந்தம்

விரல் சோதனையில் இழுப்பு குறைவு என்று தெரிந்திருக்கும். மோட்டாரில் இருந்து எஞ்சின் வரை பாதையைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

முதல் சந்தேகம் ஹோஸ். யாரோ ஒருவர் எப்போதோ பெட்ரோல் ஹோஸையோ மெல்லிய தண்ணீர்க் குழாயையோ மாட்டியிருப்பார். அவை உள்ளிருந்து வெளியே வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை, உறிஞ்சினால் சப்பையாகிவிடும். எஞ்சின் ஓடாதபோது பார்த்தால் உருண்டையாக, புத்தம் புதிதாக இருக்கும். என் வண்டியில் கண்ணாடிச் சட்டம் முன்னால் மடியும் கீலுக்குப் பக்கத்தில் ஹோஸ் வளைந்து போகிறது. எஞ்சின் ஓடும்போது அந்த வளைவை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை விட்டபோதுதான் தெரிந்தது: விரல்களுக்கு நடுவே ஹோஸ் வற்றிய முருங்கைக்காய் போல ஒட்டிக்கொண்டது, எஞ்சினை அணைத்ததும் மூச்சு விட்டு உப்பியது. கெட்டியான சுவர் கொண்ட, பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குப் போடும் வகை வாக்குவம் ஹோஸ் வாங்குங்கள். உள்விட்டம் நிப்பிளில் (ஹோஸ் மாட்டும் குழாய் முனை) இறுகப் பொருந்த வேண்டும். தளர்வாக இருப்பதைக் கம்பி கட்டி இறுக்குவது ஒரு மழைக்காலத்துக்கு மேல் நிற்காது.

ஹோஸ் நன்றாக இருந்தும் இழுப்பு இல்லையென்றால் எஞ்சினில் நிப்பிள் இருக்கும் இடத்துக்கே போய், அங்கே வாக்குவம் மீட்டரை மாட்டுங்கள். அங்கும் குறைவு என்றால் எங்கோ காற்று உள்ளே புகுகிறது, அல்லது எஞ்சினே தளர்ந்திருக்கிறது. ஹரிக்கேன் எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் பாதை) தனித் துண்டு கிடையாது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டோடு சேர்த்து வார்த்தது. அதனால் மற்ற வண்டிகளில் முதலில் சந்தேகப்படும் மேனிஃபோல்டு பேக்கிங் இங்கே இல்லை. கார்புரேட்டர் உட்காரும் இடத்தின் பேக்கிங்கையும், தட்டு சுழலும் தண்டின் தேய்மானத்தையும் பாருங்கள். சோப்புத் தண்ணீர் இங்கே பயன்படாது; பஞ்சர் கடையில் காற்று வெளியே வருவதால் குமிழி வரும், இங்கே காற்று உள்ளே போகிறது. எண்ணெய்க் குப்பியால் இணைப்பைச் சுற்றி இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். ஓட்டை இருந்தால் சொட்டு உள்ளே காணாமல் போகும், எஞ்சின் ஓசை ஒரு கணம் மாறும். சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் குழாய் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது அந்த வீரம் வேண்டாம்.

மீட்டர் முள் நிலையாக, ஆனால் தாழ்வாக நின்றால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம். ஒரே சீராக விட்டு விட்டுத் துடித்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. அது வேறு வேலை. வைப்பருக்காக வந்தவர் அதைத் தெரிந்துகொண்டு போவது லாபம்தான்.

குறி: இழுப்பு பலமாக இருக்கிறது, வைப்பர் அசையவில்லை

முதலில் வைப்பர் கையைத் தண்டில் இருந்து கழற்றிவிட்டு, தண்டு மட்டும் திரும்புகிறதா பாருங்கள். திரும்பினால் குற்றம் கைக்கு. வளைந்து கண்ணாடியை அதிகமாக அழுத்துகிறது, அல்லது தண்டின் புஷ்ஷில் துரு.

தண்டும் திரும்பவில்லை என்றால் காற்று நுழையும் துவாரத்தைத் தேடுங்கள். துடுப்பைத் தள்ளுவது வெளிக்காற்று என்று மேலே சொன்னேன். அந்தக் காற்று மோட்டார் உடம்பில் உள்ள சிறு ஓட்டை வழியாக, கம்பளித் துணி போன்ற வடிகட்டியைக் கடந்து வருகிறது. அது அடைபட்டால் இரண்டு பக்கமும் ஒரே வெற்றிடம். இழுப்பு எவ்வளவு இருந்தாலும் துடுப்பு நடுவில் தேமே என்று நிற்கும். எனக்கு இந்தக் கோளாறு வந்தபோது தேனியில் பழைய சாமான் கடைகளில் அலைந்து இன்னொரு மோட்டாரைத் தேடி வாங்கி மாட்டினேன். ஓடியது. பழையதை ஓர் ஆண்டு கழித்து உதிரிப் பாகத்துக்காக எடுத்தபோது, ஓட்டையின் வாயில் உளுந்து அளவுக்குக் காய்ந்த செம்மண். ஊசியால் குத்தினேன், உள்ளே பச்சைப் புழுவின் கூடு நசுங்கியிருந்தது. கோடையில் வண்டி கொட்டகையில் கிடந்த இரண்டு மாதத்தில் குளவி வீடு கட்டிக் குட்டிக்குத் தீனியும் வைத்துவிட்டுப் போயிருந்தது. மண்ணைச் சுரண்டிவிட்டு ஹோஸில் வாய் வைத்து உறிஞ்சினேன். துடுப்பு இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குப் போய் 'டக்' என்றது.

மோட்டாரைத் தனியாகச் சோதிக்க நான் இப்போது வாயை வைப்பதில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரஞ்சுக்கு ஒரு துண்டு ஹோஸ் மாட்டி வைத்திருக்கிறேன்.

குறி: ஒரு கோடிக்குப் போய் நின்றுவிடுகிறது, கையால் தள்ளினால் மறுபடி ஒரு முறை ஆடுகிறது

புரட்டும் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது வால்வு தூசியில் சிக்கியிருக்கிறது. மூடியின் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். பேக்கிங் கிழியாமல் வர, மெல்லிய பிளேடை ஓரத்தில் விட்டு நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துத் திருகினால் மோட்டாரின் வார்ப்பு நொறுங்கும். ஸ்பிரிங் எந்தத் துளையில் எப்படிக் கொக்கி போட்டிருக்கிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கறுப்பாகப் பிசுபிசுப்பு இருக்கும். யாரோ கிரீஸ் வைத்திருப்பார்கள். குளிர்ந்த காலையில் அது மெழுகாக இறுகிவிடும். மலையில் காலை ஏழு மணிக்கு ஆடாத வைப்பர் பதினொரு மணிக்கு ஆடுவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். உலோகப் பகுதியை மட்டும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். துடுப்பின் ஓரத்தில் இருக்கும் தோலையோ ரப்பரையோ மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் தொடக்கூடாது. தோல் என்றால் காய்ந்து விறைக்கும். ரப்பர் என்றால் ஊதிப் போகும்.

எண்ணெய் விடுவதற்கு என் கட்சி விளக்கெண்ணெய். ஒரு காலத்தில் பிரேக் ஆயிலையே விளக்கெண்ணெயைச் சேர்த்துத்தான் செய்தார்கள்; இயற்கை ரப்பரை அது கெடுக்காது, தோலை மிருதுவாக்கும். விரல் நுனியில் தொட்டுத் துடுப்பின் ஓரம் முழுவதும் தடவி, ஓர் இரவு ஊறவிட்டு, அதிகப்படியைத் துடைத்துவிடுங்கள். ஊற்றினால் வால்வில் ஓடி ஒட்டிக்கொள்ளும். தோல் ஓரம் வெடித்திருந்தால் எண்ணெய் ஒன்றும் செய்யாது. செருப்புத் தைப்பவரிடம் மெல்லிய ஆட்டுத்தோல் வாங்கி, பழையதை அச்சாக வைத்து வெட்டிப் பொருத்த வேண்டும். கம்பத்தில் ஒரு பெரியவர் எனக்கு அப்படி வெட்டிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கூலி வாங்க மறுத்துவிட்டார்.

குறி: வைப்பரைத் திறந்தால் 'உஸ்' சத்தம், எஞ்சின் நடுங்குகிறது

துடுப்பின் ஓரம் கிழிந்து, மோட்டார் வழியாகக் காற்று நேராக எஞ்சினுக்குள் போகிறது. மேலே சொன்ன தோல் வேலைதான் தீர்வு. வைப்பரை மூடிய பிறகும் சத்தம் இருந்தால் வால்வின் முகம் தேய்ந்திருக்கும். மூடியபின் கை தன் இடத்தில் படுக்காமல் அலைவதும் அதனால்தான்.

குறி: வைப்பர் மந்தம், கூடவே சைலன்சரில் நீலப்புகை

இதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்ல வந்தேன். எல்லைக்கு இந்தப் பக்கம் என் மச்சானிடம் இதே வகை ஜீப் ஒன்று இருந்தது. இரட்டை அடுக்குப் பம்ப். ஒரு மழைக்காலத்தில் நீலமாகப் புகை விட ஆரம்பித்தது. ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. இரண்டு பிளக்குகள் கரிபிடித்துக் கறுத்தன. பட்டறையில் கேட்டால், எஞ்சின் முடிந்துவிட்டது, சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து) பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும் என்றார்கள். முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். ஹெட்டைக் கழற்றும் முந்தைய நாள் மச்சான் சாவகாசமாகச் சொன்னார்: வைப்பர்கூட இப்போது ஏற்றத்தில் சுத்தமாக ஆடுவதில்லை என்று. அந்தக் 'கூட' தான் காப்பாற்றியது.

பம்பின் வாக்குவம் டயஃப்ரமுக்கு ஒரு பக்கம் எஞ்சினின் ஆயில் அறை; மறுபக்கம் மேனிஃபோல்டுக்குப் போகும் குழாய். டயஃப்ரம் கிழிந்தால் நடுவில் சுவரே இல்லை. எஞ்சின் தன் ஆயில் ஆவியையும் தெறிக்கும் துளிகளையும் தானே உறிஞ்சிக் குடிக்கும். ரிங் போனதற்கும் இதற்கும் புகையில் வித்தியாசம் தெரியாது. கண்டுபிடிக்க வழி எளிது. பம்பில் இருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள்: ஈரமாக ஆயில் இருந்தால் சந்தேகமே இல்லை, அது உலர்ந்திருக்க வேண்டிய குழாய். மேனிஃபோல்டு நிப்பிளை ரப்பர் மூடி போட்டு இறுக அடைத்துவிட்டு, பிளக்குகளைத் துடைத்து மாட்டி, இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். சைலன்சரில் தேங்கிய ஆயில் எரிந்து தீர அவ்வளவு தூரம் ஆகும். அதற்குப் பிறகும் புகை நீடித்தால் ரிங்கையோ வால்வு கைடையோ சந்தேகிக்கலாம்.

மச்சான் வண்டியில் கம்பத்தில் இருந்து உத்தமபாளையம் போய்த் திரும்புவதற்குள் புகை நின்றுவிட்டது. கிழிந்த டயஃப்ரமைப் பம்பைப் பிரித்து எடுத்தோம். நகக்கண் நீளத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். முன்பணம் திரும்பி வரவில்லை.

புது டயஃப்ரம் போடும்போது ரிப்பேர் கிட்டில் பெட்ரோல் பக்க டயஃப்ரமும் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அது கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலந்து, ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடும். டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் தெரியும். திருகுகளை இறுக்கும் முன் பம்பின் நெம்புகோலை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். டயஃப்ரம் அதன் முழு நீளத்துக்கு இழுபட்ட நிலையில் இறுகாவிட்டால் ஒரே மாதத்தில் மறுபடி கிழியும்.

குறி: டீசல் எஞ்சின் மாற்றிய ஜீப், வைப்பர் செத்துவிட்டது

இது சாகவேண்டியதுதான். டீசல் எஞ்சினில் காற்றை மறிக்கும் தட்டு கிடையாது. மேனிஃபோல்டில் உறிஞ்சல் இருக்காது. பெட்ரோல் காலத்து ஹோஸை அங்கே மாட்டிவிட்டு மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. டீசல் ஜீப்பில் பிரேக் பூஸ்டருக்கென்று, பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்புறம் ஒரு வாக்குவம் பம்ப் ஓடும். அதன் லைனில் ஒரு 'டி' (T) வடிவ இணைப்புப் போட்டு வைப்பருக்கு இழுத்துத் தரச் சொல்லிக் குமுளியில் ஒரு ஓட்டுநர் என்னிடம் கேட்டார். சேட்டன் நல்ல மனிதர், பழைய மோட்டார் மேல் பாசம். ஆனால் வைப்பர் மோட்டாரின் தோல் கிழிந்தால் அந்தக் காற்று போவது பிரேக் பூஸ்டருக்குள். பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு குமுளியில் இருந்து இறங்கும்போது பிரேக் மிதி கல்லாகிவிடும். 12 வோல்ட் மின்மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னேன். பழைய வாக்குவம் மோட்டாரை அவரே பழைய செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் காற்றுத் துவாரத்தை முதல் வேலையாகப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.